மறைத்தலும் அறிதலும்: பாப்பான் முதல் கிளேடாங் வரை



மொழியியல் பயின்றவர் சுற்றுச்சூழலைப் பற்றி உரைக்க வருவது ஏன் என்ற ஐயம் இச்சொற்பொழிவு வரிசையைத் தொடர்ந்து படித்துவரும் சிலருக்கு எழக்கூடும். நச்சுக் காற்றையும் கதிர்வீச்சையும் அளப்பது நம் துறையன்று. ஆனால், அளந்ததை யாரிடம் சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது, எந்த மொழியில் சொல்வது, சொல்லாமல் விடுவதற்கு என்ன காரணம் கூறுவது ஆகியவை யாவும் மொழியின் பாற்பட்டவை. அரசு ஆவணம் ஒன்று சொற்களால் ஆனது. அதன் முகப்பில் குத்தப்படும் முத்திரையும் ஒரு சொல்தான். அந்தச் சொல்லின் வரலாற்றை, நாம் வாழும் பேராக் மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு வழக்கின் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிந்தாப் பள்ளத்தாக்கை உலகம் அறிந்தது ஈயத்தாலும் இரப்பராலும். மண்ணைத் தோண்டி ஈயம் எடுத்தவர்கள் பெரும்பாலும் சீனர். மண்ணின்மேல் பால்மரம் வளர்த்தவர்கள் பெரும்பாலும் தமிழர். ஈயமணலைக் கழுவிப் பிரித்த பின்னர் எஞ்சும் கனத்த மணலுக்கு இங்கு வழங்கும் பெயர் 'அமாங்'. பல்லாண்டுகளாக அது கழிவென்றே கருதப்பட்டது. அதனுள் இல்மனைட், சிர்கோன், மோனசைட், செனோடைம் போன்ற கனிமங்கள் கலந்துள்ளன. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பெருகிய காலத்தில், திரையின் சிவப்பு நிறத்திற்குத் தேவையான இட்ரியம் முதலிய அரிய மண் தனிமங்களுக்கு விலை ஏறியது. அமாங் மணலுக்கும் மதிப்பு வந்தது. அதனோடு தோரியமும் வந்தது. மோனசைட்டிலிருந்து அரிய மண்ணைப் பிரித்தெடுத்தால் கதிரியக்கமுள்ள தோரியம் கழிவாக மிஞ்சும். இயற்கையில் கிடைக்கும் தோரியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,405 கோடி ஆண்டுகள். நம் புராணங்களின் யுகக் கணக்கிற்குப் பழகியவர்களையும் மலைக்க வைக்கும் எண் இது.

ஏசியன் ரேர் எர்த் என்னும் நிறுவனம் 1979ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனத்திற்கு அதில் 35 விழுக்காட்டுப் பங்கு இருந்தது. தாபோங் ஹாஜியும் பங்குதாரர்களுள் ஒன்று. ஈப்போவுக்கு அருகே லாஹாட் வட்டாரத்தில், புக்கிட் மேரா புதுக்கிராமத்தை ஒட்டி அமைந்த அதன் ஆலை 1982 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் ஆலைகளுக்கு உரிமம் வழங்க வகை செய்த அணுசக்தி உரிமச் சட்டம் 1984இல் இயற்றப்பட்டு 1985 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974லேயே இருந்தது என்றாலும், திட்டங்கள் தொடங்குமுன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்தாக வேண்டும் என்ற ஆணை 1987இல் பிறந்து 1988 ஏப்ரலில்தான் செயலுக்கு வந்தது. ஆலை முந்தியது, ஆலையைப் பற்றிக் கேள்வி கேட்கும் சட்ட வழிகள் பிந்தின. பின்னர் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த வரிசை முறை இன்றியமையாதது.

கழிவை எங்கே வைப்பது? 1982இல் பாரிட் வட்டாரத்தில் ஓர் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் எதிர்த்ததால் கைவிடப்பட்டது. அடுத்துப் பாப்பான். இவ்விரண்டு ஊர்களிலும் மக்களுக்குச் செய்தி எட்டியபோது இடம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பாப்பான் ஊரைத் தமிழ் மாணவர்கள் வேறொரு காரணத்திற்காகவும் அறிந்திருப்பர். ஜப்பானியர் ஆட்சியின்போது சிபில் கார்த்திகேசு அம்மையார் அங்கேதான் தம் மருந்தகத்தில் காட்டுப் போராளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். தடைசெய்யப்பட்ட வானொலியை ஒளித்து வைத்து இலண்டன் செய்தியைக் கேட்டார். அதற்காகச் சித்திரவதைக்கும் ஆளானார். மறைக்கப்பட்ட செய்தியைத் தேடிக் கேட்கும் மரபு அவ்வூருக்குப் புதிதன்று.

1984 மே இறுதியில் பாப்பான் மக்களும் சுற்றுவட்டாரத்தாரும் மறியலில் இறங்கினர். கழிவுக்காக வெட்டப்பட்ட குழிகள் கடும் தர விதிகளுக்கு உட்பட்டவை, பாதுகாப்பானவை என்று அறிவியல், தொழில்நுட்ப, சுற்றுச்சூழல் அமைச்சர் விளக்கமளித்தார். எல்லா முன்னெச்சரிக்கையும் எடுக்கப்பட்டுள்ளது, கட்டுமானம் தொடரும் என்று பிரதமர் மகாதீர் ஜூலைத் தொடக்கத்தில் அறிவித்தார். அதே ஆண்டு, கதிர்வீச்சு மரபியல் துறையில் வல்லுநரான ஜப்பானியப் பேராசிரியர் சடாவோ இச்சிகாவா இங்கு வந்து அளந்தார். ஆலையை ஒட்டிய திறந்தவெளியில் கதிர்வீச்சு அனுமதிக்கப்பட்ட அளவைப் பன்மடங்கு விஞ்சியிருந்ததாகக் கூறினார். அரசாங்கமே அழைத்த அனைத்துலக அணுசக்தி முகவாண்மையின் வல்லுநர்களும் பாப்பான் குழிகள் பாதுகாப்பானவை அல்ல என்றே கண்டனர். 1985 ஜனவரியில் துணைப்பிரதமர் மூசா ஹித்தாம், கிடங்கு கிளேடாங் மலைத்தொடரில் உள்ள வேறோர் இடத்திற்கு மாற்றப்படும் என்று அறிவித்தார்.

இங்கே சற்று நிற்போம். 'பாதுகாப்பானது' என்பது ஒரு முடிபு. அந்த முடிபுக்குக் கொண்டுசென்ற அளவீடு, வரைபடம், மண் ஆய்வு, நிலத்தடி நீரின் போக்கு ஆகியவை வேறு. பாப்பான் மக்களுக்கு முடிபு மட்டும் சொல்லப்பட்டது, நம்பும்படி கேட்டுக்கொள்ளப்பட்டது. தருக்க நூலார் மொழியில் கூறினால், ஏதுவும் எடுத்துக்காட்டும் இன்றி மேற்கோள் மட்டும் நிறுத்தப்பட்டது. அந்த ஏது ஆறே மாதங்களில் அரசு அழைத்த வல்லுநர்களாலேயே ஆட்டங்கண்டது.

1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் எண்மர், தம் சார்பிலும் ஊரார் சார்பிலும் ஈப்போ உயர் நீதிமன்றத்தை நாடினர். அதே ஆண்டு அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 1987 பிப்ரவரியில் அணுசக்தி உரிம வாரியம் ஆலைக்கு உரிமம் வழங்கியது. ஆலை மீண்டும் இயங்கியது. ஏப்ரலில் ஆயிரக்கணக்கானோர் பேரணி நடத்தினர். செப்டம்பரில் முழு விசாரணை தொடங்கியது. அக்டோபரில் ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோர் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களுள் இவ்வாலையை எதிர்த்தவர்கள் சிலரும் அடங்குவர். கழிவைப் பற்றிக் கேட்ட கேள்வி நாட்டுப் பாதுகாப்பைப் பற்றிய கேள்வியாக மாறிய விந்தையை மாணவர்கள் தனியே ஆராயலாம்.

1992 ஜூலை 11இல் நீதிபதி பே சுவீ சின் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தார்; பதினான்கு நாளில் ஆலையை மூட ஆணையிட்டார். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. சில நாட்களிலேயே அவ்வாணை நிறுத்தி வைக்கப்பட்டது. 1993 டிசம்பர் 23இல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளியது. அதற்குக் கூறப்பட்ட காரணங்கள் இரண்டு. நிறுவனத்தின் வல்லுநர்கள் ஆலையிடத்திலேயே சோதனை செய்தவர்கள், ஆதலால் அவர்கள் சாட்சியமே ஏற்கத்தக்கது என்பது ஒன்று. மக்கள் முதலில் உரிம வாரியத்திடம் சென்று உரிமத்தை நீக்கும்படி கேட்டிருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

முதற்காரணத்தை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஆலைக்குள் அளப்பவர் யார்? ஆலைக்குள் நுழைய இசைவு பெற்றவர். இசைவு தருபவர் யார்? ஆலைக்குரியவர். வேலிக்கு வெளியே நின்று அளந்தவரின் கணக்கு, வெளியே நின்று அளந்தது என்பதாலேயே எடை குறைந்து போகுமானால், செய்தி யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே வழக்கின் முடிவும் இருக்கும். சட்ட வல்லுநர்கள் இதற்கு மறுமொழி வைத்திருக்கலாம். ஆயினும், சுற்றுச்சூழல் செய்தியை மக்கள் அறிவதற்கு உரிமை வேண்டும் என்ற கோரிக்கையின் வேர் இங்கேதான் உள்ளது என்பது நம் கருத்து. அறிவதற்கு உரிமை இல்லாதவனுக்கு முறையிடும் உரிமை மட்டும் இருந்து பயன் சிறிதே.

நிறுவனம் வழக்கில் வென்றபோதிலும், 1994 ஜனவரியில் ஆலையை மூடுவதாக அறிவித்தது. பின்னர் ஆலையை இடித்துத் துப்புரவு செய்து கழிவைக் கிளேடாங் மலைப்பகுதியில் புதைக்கும் பணி நடைபெற்றது. அப்பணி சந்தடியின்றி நடப்பதாகவும் அதற்குப் பத்துக் கோடி அமெரிக்க டாலர் செலவாவதாகவும் 2011 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் எழுதியது. புக்கிட் மேராவில் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதாகவும் எழுவர் இறந்ததாகவும் அதே கட்டுரை கூறியது. அந்நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பு இல்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு.

இனி, மறைப்பதற்குக் கூறப்படும் காரணங்களுக்கு வருவோம். அவற்றுள் முதன்மையானது 'பீதி'. மக்களுக்குச் சொன்னால் அஞ்சுவர், அஞ்சினால் ஓடுவர், சுற்றுப்பயணிகள் வரமாட்டார்கள், முதலீடு குறையும். இக்காரணம் முழு உருவத்தில் வெளிப்பட்டது புகைமூட்டக் காலத்தில். 1997 செப்டம்பரில் கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839ஐத் தொட்டது; அம்மாதத்தில் சரவாக்கில் நெருக்கடி நிலையும் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில், புகைமூட்டம் குறித்துக் கல்வியாளர்கள் பொதுவில் கருத்துரைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அதன் பின்னர்ப் பல ஆண்டுகள் குறியீட்டு எண்களை வெளியிடுவது நிறுத்தப்பட்டது. சுற்றுப்பயணத்துறைக்கு ஊறு நேரும் என்பதே காரணம். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500ஐக் கடந்து நெருக்கடி நிலை அறிவிக்க நேர்ந்தபோதுதான் அமைச்சரவை எண்களை மீண்டும் வெளியிட இசைந்தது. எண்கள் வெளிவந்தன, யாரும் ஓடவில்லை. பள்ளிகளை மூடினர், முகக்கவசம் வாங்கினர், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டனர். பீதி எனப்பட்டது நடைமுறையில் முன்னெச்சரிக்கையாக இருந்தது.

எண் ஏன் முக்கியம்? குறியீட்டில் 51 முதல் 100 வரை 'மிதம்'. 101 முதல் 200 வரை 'நலக்கேடு'. 'மிதம்' என்ற ஒரே சொல் ஐம்பது எண்களைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. 52இல் திடலில் ஓடும் பிள்ளையும் 99இல் ஓடும் பிள்ளையும் அச்சொல்லுக்கு ஒன்றே. எண் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. நுரையீரலின் ஆழத்திற்குச் செல்லும் மிக நுண்ணிய துகள்களை நம் நாட்டுக் குறியீடு 2018இல்தான் கணக்கில் சேர்த்தது. அதற்கு முந்திய ஆண்டுகளின் எண்கள் பொய்யல்ல, குறை. எதை அளக்கவில்லை என்பதும் மக்கள் அறிய வேண்டிய செய்திதான்.

சொல்லைப் பற்றி இன்னொன்று. ஆங்கிலச் சொல் இதனை மங்கல் என்ற அளவில் குறிக்கிறது. மலாய் 'ஜெரெபு'வும் அவ்வாறே. தமிழ் இதழாளர் 'புகைமூட்டம்' என்றனர். மூடுபனி என்று சொல்லியிருந்தால் அது இயற்கையின் செயலாகிவிடும். புகை என்றதும், எங்கோ யாரோ தீ வைத்தார்கள் என்பது சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பெயர் தெரியாத அந்த இதழாளரை நாம் வணங்குகிறோம்.

எல்லாச் சொல்லும் இவ்வாறு நேர்மையாக அமைவதில்லை. தோட்டத் தமிழ்ச் சொற்களைத் தொகுப்பதற்காகப் பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் நாம் திரிந்த நாட்களில், களைக்கொல்லி தெளிக்கும் வேலையை எல்லாரும் 'மருந்தடிப்பு' என்றே கூறக் கேட்டோம். முதுகில் தோம்பைச் சுமந்து தெளித்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். கொல்லும் பொருளுக்கு மருந்து என்று பெயர்! அச்சொல் தமிழகத்து வயல்களிலும் வழங்குவதுதான். தோட்ட நிருவாகம் புனைந்தது என்று கூற இயலாது. ஆனால், அப்பெயருக்கு மாற்றாக நிற்கக்கூடிய வேறெந்தச் செய்தியும் அவர்களை எட்டவில்லை. தோட்டத்தில் செய்தி இறங்கிவந்த படிகளை நினைத்துப் பாருங்கள். துரைக்கு ஆங்கிலத்தில் வந்தது, கிராணிக்கு வாய்மொழியாக இறங்கியது, கிராணியிடமிருந்து மண்டோருக்கு, மண்டோரிடமிருந்து விடியற்காலைப் பெரட்டில் நிற்கும் தொழிலாளிக்கு. கடைசிப் படியில் வந்து சேர்ந்தது 'இன்று எந்த நிரை' என்பது மட்டும். பராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு மாற்றுமருந்து கிடையாது என்பது மேற்படியிலேயே தங்கிவிட்டது.

2002இல் தெனாகனித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி நடவடிக்கை வலையமைப்பும் இணைந்து, மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலத்தைப் பற்றிய ஆய்வை வெளியிட்டன. அவ்வாண்டே அரசாங்கம் பராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் தடை தளர்த்தப்பட்டது. இறுதியில் 2020 ஜனவரி முதல் நாளன்றுதான் முழுத்தடை வந்தது. அதற்குள் பால்மரத் தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் தாமான்களாகவும் மாறி, தெளித்தவர்கள் நகரோர வீடுகளுக்குச் சிதறிப் போயிருந்தனர். அவர்களின் மருத்துவ வரலாற்றைத் தேடும் மாணவர் எவரேனும் உண்டாயின், தோட்ட மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து தொடங்கட்டும். அவை எஞ்சியிருக்கும் இடங்களில்.

மறைப்பதற்குச் சட்டம் தரும் கருவி எது? 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியக் காப்புச் சட்டம். இதன் தாய் 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம். அதன் பரந்த இரண்டாம் பிரிவைப் பிரிட்டனே 1989இல் நீக்கிவிட்டது; குடியேற்ற நாடுகளில் பிறந்த பிள்ளைகள் நெடுநாள் வாழ்கின்றன. நம் சட்டத்தில் 1986இல் செய்த திருத்தம் குறைந்தது ஓராண்டுச் சிறை என்று கட்டாயமாக்கியது. அமைச்சரவை, மாநில ஆட்சிக்குழு ஆகியவற்றின் ஆவணங்களும், நாட்டுப் பாதுகாப்பு, தற்காப்பு, வெளியுறவு பற்றியவையும் அட்டவணையில் உள்ளன. அமைச்சர் அட்டவணையைக் கூட்டலாம். நியமிக்கப்பட்ட அதிகாரி எந்த ஆவணத்தின் மீதும் நான்கு முத்திரைகளில் ஒன்றைக் குத்தலாம்: 'ரஹ்சியா பெசார்', 'ரஹ்சியா', 'சூலிட்', 'தெர்ஹாட்'. அது இரகசியம்தான் என்று அதிகாரி சான்று அளித்துவிட்டால், அச்சான்று முடிந்த முடிபு. நீதிமன்றத்தில் கேள்வி எழுப்ப இயலாது.

இந்நான்கு சொற்களும் மொழி மாணவர்க்கு விருந்து. 'ரஹ்சியா' வடசொல், நம் 'இரகசிய'த்தின் உடன்பிறப்பு. 'ஹாட்' அரபு, எல்லை என்று பொருள். 'சூலிட்' மலாயில் கடினமானது, அரிதானது என்னும் பொருளும் உடையது. எல்லாவற்றிலும் ஒன்று பொது: எப்பொருள் யாருக்குக் கேடு தரும் என்பதை இவற்றுள் எதுவும் கூறவில்லை. முத்திரை காரணம் சொல்வதில்லை. தரத்தை மட்டும் சொல்கிறது. காரணம் சொல்லப்படாத மறுப்பை எதிர்த்து வாதிட வழியில்லை என்பதே இச்சட்டத்தின் உண்மையான வலிமை.

ஈப்போ தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு, 1992 ஜூனில், ரியோ டி ஜெனிரோவில் புவி மாநாடு நடந்தது. அதன் சாற்றுரையின் பத்தாம் நெறி, அரசு அதிகாரிகளிடமுள்ள சுற்றுச்சூழல் செய்தியை ஒவ்வொருவரும் பெறத்தக்க வாய்ப்பு வேண்டும் என்கிறது. குறிப்பாக, தம் வட்டாரத்திலுள்ள கேடு தரும் பொருள்கள், நடவடிக்கைகள் பற்றி. மலேசியா அம்மாநாட்டில் வளரும் நாடுகளின் குரலாக ஒலித்தது. அதற்கு முன்னோடியாக ஏப்ரலில் கோலாலம்பூரிலும் ஒரு மாநாட்டைக் கூட்டியது. பத்தாம் நெறியை நாட்டிற்கு வெளியே ஏற்ற காலத்திலேயே, புக்கிட் மேரா மக்கள் பத்தாண்டுகளாக அந்நெறியை நாட்டிற்குள் தேடிக்கொண்டிருந்தனர்.

அந்நெறிக்குச் சட்ட வடிவம் தந்தது 1998 ஜூனில் கையொப்பமாகி 2001 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஆர்ஹஸ் உடன்படிக்கை. ஐரோப்பிய நாடுகளை மையமாகக் கொண்ட அதிலும் மறுப்புக்கான காரணங்கள் உள்ளன: தற்காப்பு, வெளியுறவு, நீதிமன்ற நடவடிக்கை, வணிக இரகசியம், தனிமனிதர் விவரம். ஆனால் மூன்று நிபந்தனைகளைக் கவனியுங்கள். இக்காரணங்களைக் குறுக்கியே பொருள்கொள்ள வேண்டும். பொது நலனை எடைபோட வேண்டும். வணிக இரகசியம் என்ற போர்வையில், வெளியேறும் நச்சைப் பற்றிய செய்தியை மறைக்கக் கூடாது. பாப்பான் மறியல் நடந்த அதே 1984இன் டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்தது. அந்த வாயுவின் நச்சுத்தன்மை பற்றிய முழு விவரம் மருத்துவர்களுக்குக் கிட்டவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1986இல், அமெரிக்கா தன் ஆலைகள் வெளியிடும் நச்சுப் பொருள்களைப் பொதுப் பட்டியலிட வேண்டும் என்று சட்டம் செய்தது. பாதிப்பு போபாலில், பட்டியல் அமெரிக்காவில்.

மறைப்பதெல்லாம் தீது என்பது நம் வாதமன்று. ஆர்ஹஸ் உடன்படிக்கை அருகிவரும் உயிர்களின் இனப்பெருக்க இடங்களை மறைக்க இசைவு தருகிறது, அது சரியே. ஹுலு பேராக்கின் பெலும்-தெமெங்கோர் காட்டில் புலிகள் உள்ளன. நாடு முழுதும் காட்டில் வாழும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று கணக்கெடுப்பு கூறுகிறது. எந்த ஓடையருகே, எந்த மரத்தில் கட்டிய ஒளிப்படக் கருவியில் புலி பதிவாயிற்று என்பதை வெளியிட்டால், கண்ணி வைப்பவன் நம்மைவிட விரைந்து படிப்பான். அதை மறைக்கட்டும். ஆனால் எத்தனை புலிகள், எத்தனை கண்ணிகள் அகற்றப்பட்டன, எவ்வளவு காடு வெட்ட உரிமம் தரப்பட்டது என்பவற்றை மறைத்தால் அது புலியைக் காப்பதாகாது. ஒரே கோப்பில் மறைக்கத்தக்க வரியும் மறைக்கத்தகாத பக்கங்களும் இருக்கும். வரியைக் கறுப்பாக்கிப் பக்கத்தைக் கொடுப்பதற்குச் சற்று உழைப்பு வேண்டும். முத்திரை குத்துவதற்கு வேண்டாம்.

தமிழகத்தைத் தொட்டு நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய மாதவ் காட்கில் குழு அறிக்கை இதற்கு நல்ல சான்று. 2011 ஆகஸ்டில் அறிக்கை இந்திய அமைச்சகத்திடம் அளிக்கப்பட்டது, அமைச்சகம் வெளியிடவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒருவர் கேட்டார். அறிக்கை இன்னும் பரிசீலனையில் உள்ளது, நாட்டின் பொருளியல் நலன் பாதிக்கும் என்று மறுப்பு வந்தது. மத்தியத் தகவல் ஆணையர் சைலேஷ் காந்தி 2012 ஏப்ரலில் வெளியிட ஆணையிட்டார், அமைச்சகம் தில்லி உயர் நீதிமன்றம் சென்றது, மே மாதத்தில் தோற்றது, அறிக்கை வெளிவந்தது. ஒன்பது மாதத்தில் முடிந்தது, ஏனெனில் அங்கே 2005 முதல் ஒரு சட்டம் இருந்தது. நம் நாட்டில் சிலாங்கூரும் பினாங்கும் தகவல் சுதந்திரத்திற்கு மாநிலச் சட்டம் இயற்றியுள்ளன. கூட்டரசின் இரகசியக் காப்புச் சட்டத்தை அவை மீற இயலாது என்பது ஒரு புறமிருக்க, பேராக்கில் அத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை.

காட்கில் அறிக்கையைவிட நம் நெஞ்சுக்கு நெருக்கமானது இன்னொரு வழக்கு. 2020இல் இந்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளைத் திருத்த வரைவு ஒன்றை வெளியிட்டது, ஆங்கிலத்திலும் இந்தியிலும். மற்ற மொழியினர் எவ்வாறு கருத்துக் கூறுவர்? தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30ஆம் நாள், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்க்கும்படி கூறியது. அரசு இவ்வாணையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கும் வெற்றி கிட்டவில்லை. திறந்து வைக்கப்பட்ட ஆவணமும் படிப்பவனுக்குத் தெரியாத மொழியில் இருந்தால் மூடப்பட்டதே என்பதை நீதிமன்றம் ஏற்ற நிகழ்ச்சி இது.

நம் நாட்டில் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதப்படுகின்றன. இளைய தலைமுறையினர் இவ்விரண்டையும் அறிவர். ஆதலால் தமிழ் வேண்டுமா என்று கேட்பாருண்டு. பழைய தோட்டத்து மூத்தோரைக் கேளுங்கள் என்பதே நம் மறுமொழி. ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் உள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், தம் வட்டாரத்துத் திட்டம் ஒன்றின் அறிக்கைச் சுருக்கத்தை ஆறாம் ஆண்டு மாணவர்க்கு விளங்கும் தமிழில் எழுதிப் பார்க்கலாம். அறிக்கையில் பொருளற்ற தொடர்கள் எத்தனை என்பது மொழிபெயர்க்கும்போதுதான் புலப்படும். 'உரிய தணிப்பு நடவடிக்கை மேற்கொள்ளப்படும்' என்பதைத் தமிழில் எழுதத் தொடங்கியவுடன், யார், எப்போது, எதைக் கொண்டு என்ற கேள்விகள் தாமே முளைக்கும்.

இறுதியாகக் கிளேடாங். 1984 ஏப்ரலில், பாப்பான் மறியலுக்கு ஒரு மாதம் முன்பு, அமெரிக்காவின் அணுக்கழிவு அமைப்பு ஒன்றுக்காக தாமஸ் செபியோக் என்னும் மொழியியலார் ஓர் அறிக்கை எழுதி அளித்தார். பத்தாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வரும் மக்களுக்கு, இங்கே நஞ்சு புதைந்துள்ளது என்று எவ்வாறு அறிவிப்பது? எந்த மொழியும் அத்தனை காலம் மாறாமல் நிற்காது. மாங்குளத்துத் தமிழி எழுத்துக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்குச் சற்றே மிகுந்த வயது. அதைக் கற்றறிந்தோர் சிலரே படிக்கின்றனர். செபியோக் வழங்கிய யோசனைகளுள் ஒன்று வியப்பானது: 'அணுப் பூசாரியர்' என்னும் ஒரு குழு உண்மையை அறிந்து வழிவழியாகக் காக்கட்டும்; மற்றவர்க்குச் சடங்கும் கதையும் அச்சமும் போதும், அவ்விடத்தை நெருங்க மாட்டார்கள். நம் துறையின் பெரியார் ஒருவர் இவ்வாறு எழுதியது நமக்கு உவப்பாக இல்லை. அறிந்த சிலர், அஞ்சும் பலர் என்ற அந்த ஏற்பாடு பாப்பானில் ஏற்கெனவே முயன்று பார்க்கப்பட்டதுதான்.

செபியோக்கும் ஒன்றை ஒப்புக்கொண்டார்: செய்தி நிலைக்க வேண்டுமானால் அது ஒரே வடிவத்தில் இருக்கக் கூடாது, பல மொழிகளில், பல குறிகளில், தலைமுறைதோறும் புதுப்பித்து எழுதப்பட வேண்டும். கிளேடாங் மலைக் கிடங்கில் உள்ளது எது, எவ்வளவு, நீரும் மண்ணும் எத்தனை திங்களுக்கு ஒருமுறை அளக்கப்படுகின்றன, அந்த எண்கள் எங்கே கிடைக்கும் என்பவற்றை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் எழுதி மெங்லெம்பு, லாஹாட், பாப்பான் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு ஒரு தாள் போதும்.